முறிகண்டியில் நின்ற வான்

இரவு ஒன்பதேகாலுக்குத் தேங்காய் உடைத்தாயிற்று.
நல்ல உடைவு, இரண்டு பாதியும் ஒரே அளவு.
கச்சான்காரி கூடச் சொன்னாள்,
"அண்ணை, பயணம் சுகம்."
கற்பூரம் அணைய முதல் போன் அடித்தது.

பிராங்க்பேர்ட்டில் விமானம் எழும்பாதாம்.
இயந்திரம் பழுதில்லை, புயலில்லை.
சாப்பாடு நீட்டுகிற பிள்ளைகள்
இரண்டு நாளைக்கு வேலைக்கு வரமாட்டினமாம்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது.
தேத்தண்ணி குடுக்க ஆளில்லையெண்டு
ஒரு பிளேன் நிக்குமோ?
கட்டுநாயக்கா மட்டும் நான் தனிய ஓடுறவன்,
ஒரு தண்ணிப் போத்தலோடு.
பிறகு கணக்கு வந்தது:
டாங்க் நிறைய டீசல்,
பின்சீற்றுக்குப் புது உறை,
மகனைக் கொண்டு எழுதுவித்த மட்டை,
'யசோதினி, வட்டக்கச்சி'.
அந்த 'தி' கொஞ்சம் சரிந்திருந்தது.

வெள்ளி காலை ஆறு நாற்பதுக்குப் பால் காய்ச்சல்.
கல்லும் ஓடும் ஜன்னல் கம்பியும் அக்காவின் காசு.
திறப்பு மஞ்சள் பூசி வெற்றிலையில் கிடந்தது,
அவள் கைக்காக.
நிமலகாந்தன் பந்தற்காலில் சாய்ந்து நின்றான்.
விமானம் வரவில்லையென்று
எங்கள் பக்கத்தில் ஒருத்தன் கவலைப்பட்டதை
அன்றுதான் கண்டேன்.

நள்ளிரவுக்கு அவளே எடுத்தாள்.
"தம்பி, குறை நினையாதை.
மடக்குக் கட்டில் தந்திருக்கினம், வரிசை வரிசையா.
தண்ணிக்கு ஒரு துண்டு, சாப்பாட்டுக்கு ஒரு துண்டு.
நான் ஆறாம் வரிசை.
செருப்பைத் தலைமாட்டில வைச்சுப் படுத்திருக்கிறன்.
பக்கத்தில ஒரு வெள்ளைக்காரன் கத்துறான்,
தன்ர சீவியத்தில இப்பிடி நடந்ததில்லையாம்."
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
எனக்கும் வரிசை தெரியும், துண்டு தெரியும்,
செருப்பு ஏன் தலைமாட்டில் என்பதும்.

"உந்தப் பெட்டையளுக்கு என்ன குறை" என்று தொடங்கினேன்.
"அப்பிடிச் சொல்லாதை" என்றாள்.
"பன்னிரண்டு வருசம் அந்தத் தட்டுகளை அடுக்கினவள் நான்.
திரும்பி வாற தட்டில
காலில இருந்து உரிச்ச பிளாஸ்டர் கிடக்கும்,
குதிக்கால் ரத்தத்தோட.
எந்தப் பயணியும் தன்ர குதிக்காலை உப்பிடித் தட்டில போடான்.
அது அவளவையின்ர."

பதில் வரவில்லை எனக்கு.
நான் கொண்டக்டராய் இருந்த காலம்
மூன்று நாள் பஸ்ஸை நிறுத்தினோம்.
எங்கள் கோரிக்கை நியாயம், இப்பவும் சொல்வேன்.
கனகராயன்குளத்தில் ஒரு பிள்ளைத்தாச்சி
கிளினிக் கொப்பியோடு வந்து
ஓடாத எங்கள் பஸ்ஸின் நிழலில் இருந்தாள்.
நிழல் நகர அவளும் நகர்ந்தாள்.
மத்தியானம் நிழல் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது.
ஏறி இருங்கோ என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
சொன்னால் நிறுத்தம் முறிந்துவிடுமோ என்று பயம்.
இருபது ரூபாய் ரிக்கெற் அது.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது,
வாசலில், மூன்று கல் வைத்து.
கதவைத் திறக்க நிமலகாந்தன் விடவில்லை.
ஐயர் முணுமுணுத்தார்.
போனைப் பானைக்கு நேரே பிடித்தோம்.
அங்கே விடியப்புறம் மூன்று மணி.
வெள்ளைக்காரன் எழும்பிவிடுவானென்று
அவள் மூச்சாலேயே அரோகரா சொன்னாள்.
"எந்தப் பக்கம் பொங்கினது?"
"உங்கட பக்கம்தான் அக்கா."
அவளுடைய பக்கம் எது என்று
அங்கே நின்ற ஒருத்தருக்கும் தெரியாது.

ஞாயிறு இரவு மறுபடி முறிகண்டி.
கச்சான்காரி கேட்டாள்,
"அண்ணை, அண்டைக்கு உடைச்ச தேங்காய் செல்லாதோ?"
"அது போகாத பயணத்துக்கு. இது வேற."
இந்த முறை கோணலாய் உடைந்தது.
சின்னப் பாதி உருண்டு போய்
ஏ-ஒன்பது வீதி நடுவில் நின்றது.
ஒரு லொறி அதை விலத்திப் போனது.
நான் இறங்கிப்போய் எடுக்கவில்லை.
மட்டையை முன்கண்ணாடியில் சாத்தி,
சரிந்த 'தி'யோடு,
தெற்கே விட்டேன் வானை.